கால் மில்லிமீட்டர் தகராறு: கொலாஜன் முப்புரியை எக்ஸ் கதிர் காட்டியதும் காட்டாமல் விட்டதும்

1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றுக்கும் அடிப்படையான கொலாஜன் என்ற புரதம் மூன்று சங்கிலிகளால் ஆனது என்றும், ஒவ்வொரு சங்கிலியும் சுருண்டு மற்ற இரண்டோடு ஒட்டி நிற்கிறது என்றும் அதில் சொன்னார்கள். அடுத்த ஆண்டே அந்த வடிவத்தை அவர்களே திருத்தினார்கள். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் ரிச்சும் கிரிக்கும், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கோவன், மக்கேவின், நார்த் மூவரும் தங்கள் வடிவங்களை வெளியிட்டார்கள். அடிப்படையில் மூன்று கூட்டமும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னது. சண்டை எஞ்சியது இரண்டு இடங்களில்: சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் மூன்றுக்கு, புரிகளைக் கட்டிப்போடும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒன்றா இரண்டா, சுருளின் முறுக்கு எவ்வளவு. இவை தீர 40 ஆண்டுகள் ஆயின. ஏன் அவ்வளவு காலம் என்பதற்கான பதில் எக்ஸ் கதிர்ப் படத்திலேயே இருக்கிறது. அதனால் படத்திலிருந்தே தொடங்குவோம்.

நாரைக் கதிரில் நிறுத்துவது

படிகத்தில் அணுக்கள் மூன்று திசையிலும் அணிவகுத்து நிற்கும். அதில் எக்ஸ் கதிர் பட்டால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் கிடைக்கும். தசைநாண் அப்படி அல்ல. அதன் மூலக்கூறுகள் நெடுக்கில் ஒரே திசையில் படுத்திருக்கும், ஆனால் தம் அச்சைச் சுற்றி ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருக்கும். விளிம்பு விளைவுப் படத்தில் இதனால் புள்ளிகள் குறைந்து, இருப்பவையும் வில் வில்லாக இழுபட்டுத் தெரியும். உருப்படியாக அளக்கக் கூடியவை பத்துப் பன்னிரண்டுதான்.

கருவி எளியது. செப்பு இலக்குள்ள எக்ஸ் கதிர்க் குழாய், 40 கிலோவோல்ட், 20 மில்லியாம்பியர். அதன் முன்னே சுமார் 15 மைக்ரான் தடிமனுள்ள நிக்கல் தகடு. இந்தத் தகடு இல்லாவிட்டால் 1.5418 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) அலைநீளத்தோடு 1.392 ஆங்ஸ்ட்ராம் கதிரும் கூடவே வரும். ஒவ்வொரு வலுவான வில்லுக்கும் உள்பக்கம் ஒரு போலி வில் விழும். அதைப் புதிய இடைவெளி என்று நினைத்து அளந்துவிட்டால் கணக்கு முழுதும் கோணலாகிவிடும். கதிரை மெல்லிய கற்றையாக்க அரை மில்லிமீட்டர் துளையுள்ள காலிமேட்டர், நார், 30 மில்லிமீட்டர் தள்ளித் தட்டையான ஃபிலிம், நேர்க்கதிரை மறைக்க ஈயத்துண்டு. இவ்வளவே. ஃபிலிமில் என்றால் பல மணி நேரம் கதிர் காட்ட வேண்டும்; பெரும்பாலும் இரவு முழுக்க ஓடும்.

எலி வாலின் தசைநாண், கங்காரு வாலின் தசைநாண் இரண்டும் இந்தத் துறையின் பழைய மூலப்பொருட்கள். வாலைக் கணுவில் ஒடித்து இழுத்தால் வெள்ளை இழை நீளமாக உருவிக்கொண்டு வரும். நார்கள் தாமாகவே ஒரே திசையில் அமைந்திருப்பதுதான் அதன் மதிப்பு. தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஈரமான புரதம் இந்த அலைநீளத்தில் அவ்வளவிலேயே கதிரின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கனம் கூட்டினால் வில் வலுக்காது, மங்கும். இரு முனையையும் பிடித்துச் சற்றே இழுத்துக் கட்டினால் படம் துலங்கும், ஏனென்றால் அலைபாயும் நார்கள் நேராகின்றன. அளவுக்கு மீறி இழுத்தால் இடைவெளியே மாறிவிடும்.

இதில் மூன்று இடங்களில் ஆட்கள் வழக்கமாக வழுக்கி விழுவார்கள்.

முதலாவது ஈரம். மூலக்கூறுகளுக்கு இடையிலான குறுக்கு இடைவெளி உலர்ந்த நாரில் சுமார் 10.6 ஆங்ஸ்ட்ராம், நன்றாக நனைந்த நாரில் 14 வரை போகும். 30 மில்லிமீட்டர் தொலைவில் இது மையத்திலிருந்து 4.4 மில்லிமீட்டரிலிருந்து 3.3 மில்லிமீட்டருக்கு இறங்குவது. இரவு முழுக்க ஓடும் படத்தில் நார் நடுவே காய்ந்தால் இரண்டுக்கும் இடையில் ஒரு கறைதான் மிஞ்சும். மூடிய சிறு அறையில், அடியில் தெவிட்டிய சமையல் உப்புக் கரைசல் வைத்தால் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மலிவான, நம்பகமான வழி.

இரண்டாவதும் உப்புத்தான், ஆனால் இந்தத் தடவை எதிரி. தசைநாணை உப்பு நீரில் பாதுகாப்பது வழக்கம். கழுவாமல் காயவிட்டால் உள்ளே உப்புப் படிகம் கட்டும். உப்பின் மிக வலுவான கோடு 2.82 ஆங்ஸ்ட்ராம். கொலாஜனில் நார் அச்சின் திசையில் விழும் முக்கியமான வில் 2.86 ஆங்ஸ்ட்ராம். ஃபிலிமில் முதலாவது 18.5 மில்லிமீட்டரிலும் இரண்டாவது 18.2 மில்லிமீட்டரிலும் விழும். பிரித்துச் சொல்ல ஒரே வழி வடிவம்: உப்பு முழு வளையம் போடும், கொலாஜன் மேலும் கீழும் மட்டும் வில் போடும். வளையம் தெரிந்தால் அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாரைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி மறுபடி எடுப்பது நல்லது.

மூன்றாவது, நாரைக் கதிருக்குச் சரியாகச் செங்குத்தாக நிறுத்திவிட்டு "2.86 வரவில்லையே" என்று தவிப்பது. நார் அச்சின் திசையில் உள்ள இடைவெளி பிரதிபலிக்க வேண்டுமானால் பிராக் விதி அங்கே நிறைவேற வேண்டும்: அலைநீளம் = 2 × இடைவெளி × சைன்(கோணம்). 1.5418-ஐ 5.72-ஆல் வகுத்தால் 0.2695, கோணம் 15.6 டிகிரி. நாரை அத்தனை டிகிரி கதிரை நோக்கிச் சாய்த்தால்தான் அந்த வில் முழு வலுவோடு வரும். ஒழுங்கு குறைந்த நாரில் சாய்க்காமலும் மங்கலாக வருவதுண்டு. ஒழுங்கு நன்றாக இருக்கும் நாரில்தான் வராமலே போகும். நல்ல மாதிரியே நம்மைத் தண்டிக்கும் வேடிக்கையான இடம் இது.

ஃபிலிம் தொலைவையும் அளவுகோலை நம்பி எழுதிக்கொள்ளக் கூடாது. அரை மில்லிமீட்டர் பிசகினால் 2.86 என்பது 2.82 ஆகவோ 2.90 ஆகவோ மாறும். நாரின் மேல் சிட்டிகை கால்சைட் தூள் தூவினால் 3.035 ஆங்ஸ்ட்ராமில் கூர்மையான வளையம் விழும். 30 மில்லிமீட்டர் தொலைவுக்கு அதன் ஆரம் 16.9 மில்லிமீட்டர். அதிலிருந்து தொலைவைத் திருப்பிக் கணக்கிடலாம்.

எத்தனை புரி?

1952-இல் ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். அந்த ஆண்டு சென்னை வந்த படிகவியலாளர் ஜே.டி. பெர்னால், கொலாஜனுக்கு இதுவரை சொன்ன வடிவம் எதுவும் திருப்தியாக இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னதுதான் பொறி. அது உண்மையும்கூட. லைனஸ் பாலிங்கும் கோரியும் 1951-இல் மூன்று சங்கிலி வடிவம் ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அது படத்தோடு ஒத்துவரவில்லை. புரதங்களில் பரவலாக உள்ள ஆல்ஃபா சுருள் வடிவத்தைக் கண்டவர்களே சறுக்கிய பண்டம் என்பதால் கொலாஜனுக்கு ஒரு கவர்ச்சி இருந்தது. 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாறில் இருந்ததும் கொலாஜனுக்கு வாய்த்த அக்கம்பக்கம். (அந்த நிறுவனத்தின் அரங்குக்கு இன்று 'டிரிப்பிள் ஹீலிக்ஸ்' என்றே பெயர்.)

எத்தனை சங்கிலி என்பதை மேலே சொன்ன இரண்டு எண்களும் ஒரு தராசும் சேர்ந்து சொல்லிவிடும். உலர்ந்த நாரில் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கியிருப்பதாக வைத்துக்கொண்டால், 10.6 ஆங்ஸ்ட்ராம் இடைவெளிக்கு ஒரு மூலக்கூறின் குறுக்குப் பரப்பு சுமார் 130 சதுர ஆங்ஸ்ட்ராம். அச்சில் ஓர் அமினோ அமிலத்துக்கு 2.86 ஆங்ஸ்ட்ராம். பெருக்கினால் 371 கன ஆங்ஸ்ட்ராம். கொலாஜனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.35 கிராம், அதன்படி அந்தப் பெட்டிக்குள் ஏறத்தாழ 300 டால்டன் (ஒரு டால்டன் ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை) நிறை அடங்கும். சராசரி அமினோ அமில எச்சம் ஒன்றின் நிறை 92 அளவு. விடை 3.3. மிச்சமுள்ள 0.3 உலர்ந்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் நீர். ஆக மூன்று புரி.

வேதியியல் கொடுத்த துப்பு இதைவிடக் கனமானது. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். புரத உலகில் மிகச் சிறிய அமினோ அமிலம் அதுதான். பக்கச் சங்கிலி என்று பார்த்தால் ஒரு ஹைட்ரஜன் அணு மட்டும். மூன்று சங்கிலிகளைப் பக்கம் பக்கமாக நெருக்கி வைத்தால், நடு அச்சில் கிளைசினைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வர வேண்டும் என்று ராமச்சந்திரனும் கர்த்தாவும் முடிவு கட்டினார்கள். அமினோ அமில வரிசையைப் படிக்கும் வசதி கொலாஜனுக்கு வராத காலத்தில் சொன்னது. பின்னால் வரிசை படித்தபோது அப்படியே இருந்தது. அந்தக் கிளைசின்களில் ஒன்று மாறினாலும் போதும், எளிதில் எலும்பு முறியும் மரபு நோய் வருகிறது.

மூன்றா, மூன்றே மூன்றில் ஒன்றா?

1954 வடிவத்தில் ஒவ்வொரு சங்கிலியும் மூன்று அமிலத்துக்கு ஒரு சுற்று என நேராக நின்றது. இதற்கும் படத்துக்கும் ஓர் உரசல் இருந்தது. சுருளான மூலக்கூறு எப்படிக் கதிரைச் சிதறடிக்கும் என்ற விதியை 1952-இல் காக்ரன், கிரிக், வாண்ட் மூவரும் தந்திருந்தார்கள். அதன்படி, அச்சின் மேலேயே விழும் முதல் வில் ஓர் அமிலத்தின் உயரத்தைச் சொல்லும். அச்சுக்குச் சற்றுப் பக்கத்தில் விழும் வலுவான அடுக்குக் கோடு சுருளின் ஒரு சுற்றைச் சொல்லும். கொலாஜனில் முன்னது 2.86, பின்னது சுமார் 9.5. வகுத்தால் 3.33. மூன்று வராது. ஒரு சுற்றுக்கு மூன்றே மூன்றில் ஒன்று அமிலம், அதாவது மூன்று சுற்றுக்குப் பத்து.

மூன்று அமிலத்துக்கு ஒருமுறை கிளைசின் உள்பக்கம் வந்தாக வேண்டும், சுருளோ 3.33-இல் ஒரு சுற்று சுற்றுகிறது. நேரான சங்கிலியில் நான்கைந்து சுற்றுக்குள் கிளைசின் வெளியே திரும்பிவிடும். இதற்கு ஒரே வழி, சங்கிலிகள் தாமும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்வது. கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. புரியை ஒரு பக்கம் முறுக்கி, மூன்று புரியைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால்தான் கயிறு பிரியாமல் நிற்கும். கொலாஜனிலும் அப்படியே: ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கச் சுருள், மூன்றும் சேர்ந்த கயிறு வலப்பக்கச் சுருள். 1955 செப்டம்பரில் சென்னைக் குழு வெளியிட்ட திருத்தம் இதுதான். ஒவ்வொரு புரியும் கயிற்றை ஒருமுறை முழுதாகச் சுற்றி வர 30 அமிலம், 86 ஆங்ஸ்ட்ராம்.

அந்த விதியை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் சண்டையின் மூலம் தெரியும். மூன்று சுற்றுக்குப் பத்து என்ற சுருளின் முழு மறுசுற்று 28.6 ஆங்ஸ்ட்ராம். வலுவான கோடுகள் அதன் 3-ஆம், 7-ஆம், 10-ஆம் பங்குகளில் விழ வேண்டும்: 9.53, 4.09, 2.86. இப்போது வேறொரு சுருளை எடுத்துக்கொள்வோம்: இரண்டு சுற்றுக்கு ஏழு. அதன் மறுசுற்று 20 ஆங்ஸ்ட்ராம், கோடுகள் 10.0, 4.0, 2.86. கடைசிக் கோடு இரண்டுக்கும் ஒன்றே. முதல் கோட்டில் மட்டும்தான் வேறுபாடு சற்றுப் பெரிது. 30 மில்லிமீட்டர் ஃபிலிமில் 9.53 விழுவது மையத்திலிருந்து 4.9 மில்லிமீட்டர் உயரத்தில், 10.0 விழுவது 4.7-இல். கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த வில்லின் அகலமே அதைவிடப் பெரிது. நாரை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் இந்த இடத்தில் படம் வாயைத் திறக்காது.

ஒரு பிணைப்பா, இரண்டா?

அடுத்த தகராறு இன்னும் சூடானது. சென்னை வடிவத்தில் மூன்று அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் புரிகளைக் கட்டின. ரிச்சும் கிரிக்கும், அப்படிக் கட்டினால் சில அணுக்கள் ஏற்கத்தகாத அளவு நெருங்கிவிடுகின்றன என்று ஆட்சேபித்தார்கள்; தங்கள் வடிவத்தில் ஒன்றே ஒன்றை வைத்தார்கள். ஹைட்ரஜன் அணுவில் ஓர் எலக்ட்ரான்தான் உண்டு. எக்ஸ் கதிருக்கு அது கிட்டத்தட்டக் கண்ணுக்குப் படாத பொருள். பிணைப்பு இருக்கிறதா என்பதை நார்ப் படத்திலிருந்து நேராகச் சொல்ல முடியாது. புரிகளைச் சற்றே திருப்பினால் ஒன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும்; பத்துப் பன்னிரண்டு வில்களின் செறிவு இரண்டையுமே ஓரளவு ஏற்கும்.

நார்ப் படத்தைப் பற்றிப் பலர் தவறாக எண்ணுவது இங்கேதான். படத்திலிருந்து வடிவம் தானாக வெளிவராது. ஃபிலிம் அலைகளின் செறிவை மட்டும் பதிவு செய்கிறது. அவை தம் ஏற்ற இறக்கத்தில் எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தன என்பது தொலைந்துவிடுகிறது. முதலில் வடிவத்தை ஊகித்து, அது எப்படிச் சிதறடிக்கும் என்று கணக்கிட்டு, படத்தோடு ஒப்பிட வேண்டும். ஒத்துவராததைத் தள்ளிவிடப் படம் உதவும். ஒத்துவரும் இரண்டில் எது என்று கேட்டால் உதவாது.

அப்போது எஞ்சுவது வேதியியல் அறிவு: எந்த அணு எந்த அணுவை எவ்வளவு நெருங்கலாம்? ராமச்சந்திரன் இந்த ஆட்சேபத்தைப் புறந்தள்ளிவிட்டுப் போகாமல், சிறு மூலக்கூறுகளின் படிக அமைப்புகளில் உண்மையாகக் காணப்படும் நெருக்கங்களைத் தேடித் தொகுக்க இறங்கினார். கிடைத்த எல்லைகள் அதுவரை பாடமாகச் சொல்லப்பட்டதைவிடத் தளர்வாகவே இருந்தன. கார்பனுக்கும் கார்பனுக்கும் வழக்கமாக 3.2 ஆங்ஸ்ட்ராம், மிஞ்சிப்போனால் 3.0. கார்பன்–ஆக்சிஜன் 2.8, மிஞ்சிப்போனால் 2.7. ஹைட்ரஜன்–ஹைட்ரஜன் 2.0, கடைசி எல்லை 1.9. இந்த எல்லைகளை வைத்து, புரதச் சங்கிலியின் முதுகெலும்பில் உள்ள இரண்டு திருகுக் கோணங்களான ஃபை, சை இரண்டையும் படிப்படியாக மாற்றி, எந்த ஜோடிக் கோணத்தில் அணுக்கள் முட்டிக்கொள்கின்றன, எதில் முட்டவில்லை என்று கட்டம் போட்டுப் பார்த்தார்கள். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட அந்த வரைபடம்தான் இன்று ஒவ்வொரு புரத அமைப்பையும் சரிபார்க்கப் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடம். ஃபை கழித்தல் 70, சை 150 டிகிரிக்கு அருகில் கொலாஜன் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். கிளைசினுக்கு மட்டும் அந்த வரைபடத்தில் தாராளமாக இடம் உண்டு. காரணம் முன்பே சொன்ன அதே சிறுமை.

கொலாஜன் தகராறில் யார் வென்றது என்று கேட்பவர்கள் இந்தக் கிளைக்கதையை விட்டுவிடுகிறார்கள். அந்த ஆட்சேபம் வராமலிருந்தால் இந்தக் கட்டம் போடும் வேலைக்கு அவசரமே இருந்திருக்காது.

படிகம் கிடைத்த பிறகு

தீர்ப்பு நாரிலிருந்து வரவில்லை. 1994-இல் பெல்லா, ஈட்டன், பிராட்ஸ்கி, பெர்மன் நால்வரும் சங்கிலிக்கு 30 அமிலம் உள்ள செயற்கைப் பெப்டைடை (குட்டிப் புரதத்தை)ப் படிகமாக்கி 1.9 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் அமைப்பைக் கண்டார்கள். புரோலின், ஹைட்ராக்சிபுரோலின், கிளைசின் என்று திரும்பத் திரும்ப வரும் வரிசை. நடுவில் ஒரே ஒரு கிளைசினுக்குப் பதில் அலனின். மூன்று புரி, உள்ளே கிளைசின், கயிறுபோல் முறுக்கு – எல்லாம் இருந்தன. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று அமிலத்துக்கு ஒன்றுதான். அந்த வகையில் ரிச்சும் கிரிக்கும் சரி. ஆனால் இரண்டாவது இடம் காலியாகவும் இல்லை. மூலக்கூறைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் வரிசையாக நின்று புரிகளைப் பாலம் போட்டு இணைத்திருந்தன. நீர் வழியாக அந்த இணைப்பு வரலாம் என்று ராமச்சந்திரனும் சந்திரசேகரனும் 1968-இலேயே எழுதியிருந்தார்கள். கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜனும் பலவீனமாக ஆக்சிஜனைப் பிடித்திருப்பதை 1996-இல் அதே படிகத் தரவிலிருந்து காட்டினார்கள்.

முறுக்கு? இரண்டு சுற்றுக்கு ஏழு. கயிற்றை ஒருமுறை சுற்ற 86-க்குப் பதில் 60 ஆங்ஸ்ட்ராம். இதை வைத்து, மூன்று சுற்றுக்குப் பத்து என்ற பழைய எண் தவறு என்று எழுதுவது அவசரம். 1999-இல் வேறொரு பெப்டைடு படிகத்தில், புரோலின் வகை அமிலங்கள் இல்லாத நடுப்பகுதியில் முறுக்கு தளர்ந்து பழைய எண்ணின் பக்கம் போனது தெரிந்தது. இயற்கைக் கொலாஜனில் இரண்டு வகைப் பகுதிகளும் கலந்து கிடக்கின்றன. நார்ப் படம் காட்டுவது அவற்றின் சராசரி. படிகம் காட்டுவது நாம் தேர்ந்தெடுத்துச் செய்த துண்டு. கேள்வி வேறு, பதிலும் வேறு.

மையத்துக்கு மிக அருகில்

இதுவரை பார்த்ததெல்லாம் அணு அளவுச் சங்கதி. அதே தசைநாணில் இன்னொரு ஒழுங்கும் உண்டு: மூலக்கூறுகள் படிக்கட்டுபோல் தள்ளித் தள்ளி அடுக்கியிருப்பதால் நெடுக்கில் சுமார் 670 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒருமுறை அமைப்பு மீண்டும் வரும். 30 மில்லிமீட்டர் ஃபிலிமில் இதன் முதல் கோடு மையத்திலிருந்து 0.07 மில்லிமீட்டர் தொலைவில் விழும். அதாவது ஈயத்துண்டுக்கு அடியில். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் 2.3 மில்லிமீட்டர். அந்த ஒரு மீட்டரிலும் காற்று இருந்தால் அதன் சிதறலே கோட்டை மூழ்கடித்துவிடும்; ஆகவே இடையில் வெற்றிடக் குழாய். சின்க்ரோட்ரான் (மிக வலுவான எக்ஸ் கதிர் தரும் துகள் முடுக்கி) ஒளியில் இந்தப் படம் ஒரு நொடிக்குள் கிடைக்கிறது, பத்துக்கும் மேற்பட்ட கோடுகள் ஏணிப்படிபோல் தெரியும். 2006-இல் ஆர்கெல் குழு எலி வால் தசைநாணின் இத்தகைய தரவிலிருந்தே மூலக்கூறுகள் நாருக்குள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதை வரைந்தது.

இந்தக் கோடுகள் இவ்வளவு ஒழுங்காக இருப்பதால், மையத்துக்கு அருகே விழும் இத்தகைய கோடுகளை அளக்கும் சிறுகோணச் சிதறல் நிலையங்களில் எலி வால் தசைநாண் ஆய்வுப் பொருளாக மட்டுமின்றி அளவுகோலாகவும் பயன்படுகிறது. வேறொரு மாதிரியை அளக்கும் முன் இதை வைத்துப் படம் எடுத்து, கோடுகளின் இடைவெளியிலிருந்து உணரிக்குள்ள தொலைவைக் கணக்கிடுகிறார்கள். நிபந்தனை ஒன்றுதான்: நார் நனைந்தே இருக்க வேண்டும். காய்ந்தால் 670 என்பது 640 பக்கம் சுருங்கும். 670 என்று எண்ணிக் கணக்கிட்டவருக்குத் தொலைவு நான்கைந்து சதவீதம் கூடுதலாக வரும், அன்றைக்கு எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் அந்தப் பிழை ஏறி உட்காரும். ஆகவே மெல்லிய பாலிமர் சவ்வுக்குள் ஒரு சொட்டு நீரோடு நாரை மூடி ஒட்டி, மூடிய அரை மணிக்குள் படம் எடுத்துவிடுவது நல்லது.